கிரீஸ் படிந்த கைக்கே ஓட்டு

இனி எந்த இடத்திலும் பின்வரிசையில் உட்காருவதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முடிவெடுத்தேன். பத்தேகாலுக்கு ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கிவிட்டேன். புரட்சிக்கும் பைத்தியத்துக்கும் நடுவில் கால் மணி நேரம்தான் என்பது என் மனைவியின் கருத்து.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் தொழிற்சங்கத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். மேடை கிடைக்காத இடத்தில் தார் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று பேசியவன். என் படிப்பு முழுக்கத் துண்டறிக்கையில் படித்தது. என் எழுத்து முழுக்கத் துண்டறிக்கையில் எழுதியது. போன மாதம் புதிதாக வந்த பிள்ளைகள் சேர்ந்து என்னை 'ஆலோசகர்' ஆக்கினார்கள். ஆலோசகருக்கு நாற்காலி உண்டு, ஓட்டுக் கிடையாது. டீ உண்டு, மைக் கிடையாது. தீர்மானத்தைப் படித்த பிறகு பதினெட்டுப் பேரைப் புதிதாக உறுப்பினர் பட்டியலில் சேர்த்து, அவர்களையும் கை தூக்க வைத்து ஜெயித்தார்கள். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். தட்டிய கையாலேயே கதவையும் காட்டினார்கள்.

அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. கூடத்திலிருந்து சமையலறை பதினோரு அடி. சமையலறையிலிருந்து கூடம் பதினோரு அடி. நானும் எத்தனையோ முறை நடந்து பார்த்துவிட்டேன், ஒரு அடி குறையவில்லை.

"என்னங்க, நடக்கறதுதான் நடக்கறீங்க, அந்தத் துடைப்பத்தைக் கையில எடுத்துக்கங்களேன். தரையாவது சுத்தமாகும்."

"ஒரு போராளி கையில் துடைப்பமா?"

"குப்பையோட போராடுங்க. அதுதான் திருப்பி ஓட்டுப் போடாது."

இப்படி இருக்கும்போதுதான் மேல் குவாரியிலிருந்து கடிதம் வந்தது. மலைமேல் கல்லுடைக்கும் தொழிலாளிகள். வேலை நேரத்தை இரண்டு மணி நேரம் கூட்டிவிட்டார்களாம். 'தோழரே, நீங்கள் வந்து பேசினால் எங்களுக்குத் தைரியம் வரும்' என்று எழுதியிருந்தார்கள். நாலு முறை நின்றுகொண்டே படித்தேன். ஐந்தாவது முறை உட்கார்ந்து படித்தேன். ஒரு மாதத்தில் நான் உட்கார்ந்தது அப்போதுதான்.

குவாரிக்கு எழுபது கிலோமீட்டர். அதில் கடைசி நாற்பதில் சாலை கிடையாது. கல், சேறு, இரண்டு ஓடை, ஒரு மணல் திட்டு. ஐந்து மாதத்துக்கு முன் பெய்த மழையில் இருந்த பாதையும் அடித்துக்கொண்டு போய், பஸ் நின்றுவிட்டது. அதனால்தான் பிக்கப்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. எங்கள் மகள் அந்தக் குவாரிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஐந்து மாதமாக அவளால் கீழே இறங்க முடியவில்லை. ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் அவளுக்கு சிக்னல். வீடியோவில் அவள் முகம் பாதி வரும், மீதி கட்டம் கட்டமாக உறைந்து நிற்கும். நடுவில் அவளுக்குப் பத்து நாள் காய்ச்சல் வந்து போயிருக்கிறது. அதைப் போன பிறகுதான் சொன்னாள். அன்றிலிருந்து என் மனைவியாலும் உட்கார முடியவில்லை. ஆனால் அவள் நடக்கவில்லை, துணி துவைத்தாள். துவைத்த துணியையே மறுபடியும் துவைத்தாள்.

வண்டியை வாசலில் நிறுத்தியதும் வந்து பார்த்தாள். முன்னால் இரண்டே பேர் உட்காரும் கூண்டு, பின்னால் திறந்த தொட்டி. நாலு முறை சாத்தினால் ஒரு முறை சாத்திக்கொள்ளும் கதவு. ஒரு முகப்பு விளக்கு என்னைப் பார்த்தது, இன்னொன்று பக்கத்து வீட்டை.

"நானும் வர்றேங்க. அவ முகத்தை முழுசா ஒரு தடவை பாக்கணும்."

"இது குடும்பச் சுற்றுலா இல்லம்மா. போராட்டம். உன் சார்பா நான் பார்த்துட்டு வர்றேன்."

"நீங்க பாத்தா அவ இளைச்சிருக்காளா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு அம்மை போட்டப்ப நீங்க, 'பொட்டு நல்லாருக்கு'ன்னீங்க."

இதற்குப் பேச்சால் பதில் சொல்வது ஆபத்து என்று அனுபவம் சொன்னது. செயலால் சொன்னேன். ஸ்பேனரை எடுத்துப் பக்கத்து சீட்டைக் கழற்றிவிட்டேன்.

"அந்த இடத்துல என்ன வைக்கப் போறீங்க?"

"ஆம்ப்ளிஃபயர்."

ஒன்றை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். என் மனைவி பதினாலு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறாள். நான் சிறையிலும் சங்கத்திலும் இருந்தபோது எங்கள் வீடு அந்த வேனில்தான் ஓடியது என்று சிலர் சொல்வார்கள். சிலர் என்றால், என் மனைவி. ஆனால் சமதளத்தில் குழந்தைகளை ஏற்றி இறக்குவது வேறு, மலையேறிச் சரித்திரம் படைப்பது வேறு. எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. வண்டி அதிகம் ஓட்டியதில்லைதான். ஊர்வலம் ஓட்டியிருக்கிறேன்.

எதிர்வீட்டை ஒட்டி மெக்கானிக்கின் பட்டறை. முன்பு பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர். அங்கே நான் நடத்திய நாற்பத்து மூன்று நாள் வேலைநிறுத்தத்தில் வேலை போயிற்று. "தலைவராலதான் சொந்தக் கடை வச்சேன்" என்று யாரிடமும் சொல்வார். அது நன்றியா, புகாரா என்று நான் இதுவரை கேட்டதில்லை.

வண்டிக்கு அடியில் படுத்து நகர்ந்து வெளியே வந்தார்.

"தலைவரே, அடியில சேஸிஸ் சட்டம் தேவலாம். துரு மேலாக்கதான் இருக்கு, விரிசல் இல்ல. ஆனா ரேடியேட்டர் ஹோஸை அமுக்கினா பிஸ்கட் மாதிரி நொறுங்குது. பெல்ட் போச்சு. முன் சக்கரத்துல ஆட்டம். பின் ஆக்ஸில் ஆயில்ல தண்ணி கலந்து பால் மாதிரி இருக்கு."

"அது இருக்கட்டும். ஒலிபெருக்கியை எங்க மாட்டலாம்?"

"முதல்ல போய்ச் சேர்ற வழியைப் பாப்போம் தலைவரே."

"கிளம்பும்போதே போய்ச் சேர்றதைப் பத்திப் பேசாதே!"

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் முதல் கூட்டம் போட்டேன். பயண ஆயத்தக் குழு. தலைவர் நான். உறுப்பினர் மெக்கானிக். ஒருவர் தலைமை தாங்க, ஒருவர் வழிமொழிய, எந்த இயக்கத்துக்கும் இது போதும். அந்த நேரம் பார்த்து என் மனைவி டீ டம்ளர்களோடு வந்தாள்.

"நானும் ஒரு தீர்மானம் கொண்டு வரலாமா? கழட்டின சீட்டைத் திருப்பி மாட்டணும்."

முப்பது வருடம் எங்கள் வீட்டில் நடந்த கூட்டங்களுக்கெல்லாம் டீ கொடுத்தவள். டீ கொடுத்தவள் காதையும் திறந்து வைத்திருந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே சாக்பீஸை எடுத்துப் பட்டறைச் சுவரில் விதிகளை எழுதினேன்.

உழைப்பவருக்கே உரிமை. ஆகவே கையில் கிரீஸ் படாதவருக்கு ஓட்டுக் கிடையாது. ஒவ்வொரு கூட்டத்திலும் கையைக் காட்ட வேண்டும். போன வாரத்துக் கிரீஸ் இந்த வாரம் செல்லாது. ஓட்டுச் சமமானால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு. கடைசியாக ஒன்று, அதை எழுதும்போது மட்டும் சாக்பீஸ் உடைந்தது, அவ்வளவு அழுத்தி எழுதினேன்: தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்த பிறகு யாரையும் வாக்காளராகச் சேர்க்கக் கூடாது. பதினெட்டுப் பேர்! இனி அந்த மோசடி என் குழுவில் நடக்காது.

"கையைக் காட்டும்மா."

காட்டினாள். சோப்பு நுரை.

"சரிங்க" என்றாள்.

என் மனைவி 'முடியாது' என்றால் பயமில்லை, பேசிப் பார்க்கலாம். 'சரிங்க' என்றால் எங்கேயோ திரி பற்றிவிட்டது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவள் முழங்கை வரை கருப்பாக வந்து நின்றாள். மெக்கானிக்குக்கு இடுப்புப் பிடிப்பாம். முன் சக்கரங்களைக் கழற்றி, பேரிங்குகளை டீசலில் கழுவி, புது கிரீஸ் அடைத்தது எல்லாம் இவள்.

"ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க. மாவு பிசையற மாதிரிதான். உள்ளங்கையில வச்சு, அந்தப் பக்கம் வெளிய வர்ற வரைக்கும் அழுத்தணும்."

என் பங்கு கிரீஸையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்குச் சற்று முன்பு வண்டியின் கதவுக் கீலில் ஆள்காட்டி விரலை ஒரு தேய்ப்புத் தேய்ப்பேன். தலைமைக்கு ஒரு விரல் போதும்.

சீட்டை மாட்டும் தீர்மானம் வந்தது. ஆதரவு: மனைவி. எதிர்ப்பு: நான். மெக்கானிக்கைப் பார்த்தோம்.

"மத்தியானம் அக்கா கையால சாப்பிடறவன் நான். சாயங்காலம் தலைவரோட பேசிக்கிட்டு இருக்கறவன். எனக்கு வயிறும் வேணும் காதும் வேணும். நான் நடுநிலை."

சமம். என் இரண்டாவது ஓட்டைப் போட்டேன். 'தோற்கடிக்கப்பட்டது' என்று சுவரில் எழுதியபோது கிடைத்த சுகம் சொல்லி முடியாது. சங்கத்தில் இழந்ததைப் பட்டறையில் மீட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் ஹோஸ், பெல்ட், ரேடியேட்டர் மூடி எல்லாவற்றையும் மாற்றினாள்.

"பழைய மூடியில ரப்பர் செத்துப் போச்சு. குக்கர்ல கேஸ்கட் போனா என்னாகும்? ஆவி நிக்காது, தண்ணி வத்தும், அடி பிடிக்கும். இதுவும் அதேதான்."

தீர்மானம். சமம். தோற்கடிக்கப்பட்டது.

அதற்கடுத்த வாரம் ஆக்ஸில் ஆயிலை மாற்றி, ஓடையில் இறங்கினால் தண்ணீர் உள்ளே போகாமல் காற்றுக் குழாயை மேலே தூக்கிக் கட்டினாள். பேட்டரியை அசையாமல் பூட்டினாள். கயிறு கட்டி இழுக்கும் கொக்கி பம்பரில் இருந்ததைக் கழற்றி, சேஸிஸிலேயே போல்ட் போட்டு மாட்டச் செய்தாள். பம்பரில் கட்டி இழுத்தால் பம்பர் மட்டும் வருமாம், வண்டி வராதாம். தலைவர்களைப் பற்றி ஏதோ சொல்கிறாளோ என்று தோன்றியது. கேட்கவில்லை.

தீர்மானம். சமம். தோற்கடிக்கப்பட்டது.

நான் சும்மா இருந்ததாக நினைக்க வேண்டாம். கூரையில் இரண்டு ஒலிபெருக்கி மாட்டினேன். கொடிக்கம்பத்துக்கு ஓட்டை போட்டேன். மூவாயிரம் துண்டறிக்கைக்குத் தலைப்பு எழுதினேன். தலைப்பு மட்டும் பதினாறு முறை மாற்றினேன். மற்ற நேரமெல்லாம் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எப்போது கிளம்புவோம், எப்போது கிளம்புவோம் என்று கால் துறுதுறுத்தது. கூடத்தைவிட வண்டியைச் சுற்றி நடப்பதில் ஒரு வசதி, திரும்ப வேண்டியதில்லை.

ஒருநாள் மெக்கானிக்கைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே வறண்ட ஆற்றுக்கு வெள்ளோட்டம் போனேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் நெம்புகோலைத் தள்ளினேன். அடடா! நாலும் ஒரே நேரத்தில், ஒரே திசையில்! முப்பத்தொரு வருடம் செயற்குழுவில் நான் கனவு கண்ட ஒற்றுமை. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால் நாலு சக்கரமும் ஒற்றுமையாக மணலுக்குள் போய்க்கொண்டிருந்தன.

"தலைவரே, டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கினா ஏறிடும்."

"என் காற்றை இறக்கப் பார்த்த முதலாளிகள் எத்தனை பேர் தெரியுமா? நானே இறக்கவா?"

"உங்க காத்து இல்ல தலைவரே, டயர் காத்து."

"கொள்கை ஒண்ணுதான்!"

ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். கொள்கை அச்சு வரை புதைந்தது. மெக்கானிக் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் மெதுவாகப் பேசினார். முக்கால் மணி நேரத்தில் கரைமேல் பள்ளி வேன் வந்து நின்றது. என் மனைவி இறங்கி நடந்து வந்தாள்.

"எவ்வளவு காத்து இருக்கு தம்பி?"

"நாப்பது, அக்கா."

"பதினெட்டுக்குக் கொண்டு வாங்க."

ஸ்ஸ்ஸ் என்று நாலு டயரும் பெருமூச்சு விட்டன. டயர்கள் ஒட்டகக் கால் மாதிரி பரந்து உட்கார்ந்தன. அவள் ஏறி, சின்ன கியரில் போட்டு, அவசரமே இல்லாமல், பள்ளிக்கூட வாசலில் குழந்தையை இறக்கிவிட்டுக் கிளம்புவதுபோல வண்டியை வெளியே கொண்டுவந்தாள். பிறகு பெட்ரூம் தலையணையைத் தட்டுவதுபோல டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பம்பால் காற்றை ஏற்றினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னிடம் பதில் தயாராக இருந்தது. நாலு பக்கத்துக்கு. எல்லாம் வீண்.

கிளம்பும் நாள் வந்தது. ஞாயிறு. காலை எட்டு மணிக்குக் கடைசிக் கூட்டம், எட்டரைக்குப் பயணம். ஏழு மணிக்கே மேசையில் சாப்பாடு தயாராக இருந்தது. என் வெள்ளைச் சட்டை பெட்டி போட்டுத் தொங்கியது. குளியலறையில் புது சோப்பு, பாதி எலுமிச்சம்பழம், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"நீங்க கையை உயர்த்தித்தானே பேசுவீங்க? ஐந்நூறு பேர் அண்ணாந்து பாப்பாங்க. நகத்துக்குள்ள கருப்பா இருந்தா, ஜனங்க பேச்சைக் கேப்பாங்களா, நகத்தைப் பாப்பாங்களா?"

நியாயமான கேள்வி. என் பேச்சில் கை முக்கியம். பழைய தோழர்களைக் கேட்டால் சொல்வார்கள், வார்த்தை மறந்தாலும் அந்தக் கையை மறக்க மாட்டார்கள்.

தேய்த்தேன். "கட்டைவிரல் ஓரத்துல இன்னும் கொஞ்சம் இருக்குங்க" என்றாள். எலுமிச்சம்பழத்தால் தேய்த்தேன். "ஆள்காட்டி விரல்ல ரேகைக்குள்ள." பிரஷ்ஷால் தேய்த்தேன். அவள் கதவருகே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் என் முன்னால் அவள் கைகட்டி நின்றது அன்றுதான். மரியாதை காலதாமதமாகத்தான் வரும், ஆனால் வரும் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட்டேன். சட்டை போட்டேன். மணமகன் மாதிரி பட்டறைக்கு நடந்தேன்.

வழக்கம்போலக் கூட்டத்துக்கு முன் கதவுக் கீலில் விரலை வைத்துத் தேய்த்தேன். விரல் வெள்ளையாகவே திரும்பி வந்தது. கீழ்க் கீலில் தேய்த்தேன். அதுவும் துடைத்து, பளபளவென்று, தட்டில் வைத்துச் சாப்பிடலாம் போல இருந்தது. என்ன இது என்று நிமிர்வதற்குள் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"தீர்மானம். பக்கத்து சீட்டைத் திரும்ப மாட்டணும். மாட்டியாச்சு. வண்டியை நான் ஓட்டறது. வழியில நின்னா சரி பண்ண ஆள் வேணும், அதனால பக்கத்து சீட்டுல மெக்கானிக் தம்பி. எதிர்ப்பு யாராவது உண்டா?"

"உண்டு!" கையை உயர்த்தினேன். ஐந்நூறு பேருக்காக வைத்திருந்த கை.

"கையைக் காட்டுங்க."

மெக்கானிக் வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"நான் நடுநிலை தலைவரே. ஆனா எலுமிச்சம்பழ வாசனை வருது."

பாய்ந்துபோய்ச் சக்கரத்துக்கு நடுவில் கையை விட்டேன்.

"தீர்மானம் படிச்சப்புறம் வாக்காளரைச் சேர்க்கக் கூடாது" என்றாள் அவள், சுவரைக் காட்டி. பின்னால் கட்டியிருந்த கைகள் இப்போதுதான் முன்னால் வந்தன. முழங்கை வரை கிரீஸ். "அழுத்தி எழுதியிருக்கு பாருங்க. சாக்பீஸ் கூட உடைஞ்சிருக்கு."

"இது சதி!"

"சதி இல்லீங்க, விதி. நீங்க எழுதினது."

சாக்பீஸை எடுத்து அவளே எழுதினாள். ஆதரவு ஒன்று. எதிர்ப்பு இல்லை. நடுநிலை ஒன்று. ஏகமனதாக நிறைவேறியது.

 அவள் அருகில் வந்து, சட்டையில் கிரீஸ் படாமல், தோளால் என்னை லேசாக இடித்தாள்.

"நீங்க பேசணும். நான் அவளைப் பாக்கணும். ரெண்டும் நடக்கணும்னா வண்டி போய்ச் சேரணுமா இல்லையா?"

பதில் தேடினேன். முப்பத்தொரு வருடத் துண்டறிக்கைகள் எதிலும் இல்லை.

"அப்ப நான் எங்கம்மா உட்கார்றது?"

"பின்னாடி மெத்தை போட்டிருக்கேன். ஸ்பேர் டயருக்கு நடுவுல. குலுங்காது."

ஏறினேன். மெக்கானிக் ஒரு பெல்ட்டை என் இடுப்பைச் சுற்றிப் போட்டு இறுக்கினார். முன்னால் கதவு ஒரே முறையில் சாத்திக்கொண்டது. அதையும் எப்போதோ சரி செய்திருக்கிறாள். என்ஜின் உறுமியது. பிறகு நான் மாட்டிய ஒலிபெருக்கி 'கொர்ர்' என்று கனைத்தது. தெருவே ஜன்னலைத் திறந்தது. பட்டியலை எடுத்து மைக்கில் படிக்க ஆரம்பித்தாள் என் மனைவி.

"ஸ்பேர் டயர் ரெண்டு."

மெக்கானிக் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார். "இருக்கு அக்கா."

"தண்ணி அறுபது லிட்டர்."

"இருக்கு."

"மண்வெட்டி, கயிறு, காத்துப் பம்பு."

"இருக்கு."

"பொண்ணுக்கு மருந்துப் பை, கம்பளி."

"இருக்கு அக்கா."

"ஆலோசகர் ஒண்ணு."

"இருக்கு. கட்டியாச்சு."